ஸ்மார்ட் கீ வேலை செய்யவில்லையா? மாற்றுவதற்கு முன் சோதித்துப் பார்க்கும் வழி

கேள்வி இதுதான்: நான்கு வருடப் பழைய கார், பட்டன் ஸ்டார்ட், ஸ்மார்ட் கீ. ஒரு மாதமாகச் சில நேரம் கதவு திறக்கிறது, சில நேரம் திறப்பதில்லை. புது செல் போட்டும் அதே கதை. சர்வீஸ் சென்டரில் “சாவி போயிடுச்சு, மாத்தணும்” என்று சொல்லிப் பெரிய தொகை கேட்கிறார்கள். வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா? கூடவே, இந்தச் சாவியைத் தூரத்திலிருந்தே ஏமாற்றிக் காரைக் கொண்டுபோய்விடுவார்கள் என்கிறார்களே, அது உண்மையா?

சோதிக்க முடியும். முக்கால்வாசிச் சோதனைக்குக் கருவியே வேண்டாம். ஆனால் எந்தச் சோதனை எதை நிரூபிக்கிறது என்று தெரிந்து செய்ய வேண்டும். விளக்கு மின்னுகிறது, அதனால் சாவி நல்லது. மல்டிமீட்டர் 3 வோல்ட் காட்டுகிறது, அதனால் செல் நல்லது. செல்போன் கேமராவில் வெளிச்சம் தெரியவில்லை, அதனால் ரிமோட் செத்துவிட்டது. இந்த மூன்று தீர்ப்பையும் தினமும் கேட்கிறேன். மூன்றையும் நம்ப முடியாது.

கேமரா விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். டிவி ரிமோட் அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்வதால் அதன் மின்னல் போன் கேமராவில் தெரியும். கார் சாவி ரேடியோ அலையில் பேசுகிறது. நேற்று வாங்கிய சாவியைக் காட்டினாலும் கேமராவில் ஒன்றும் தெரியாது. பழைய மெர்சிடிஸ் சாவிகள் சிலவற்றில் அகச்சிவப்பு உண்டு, அது தனிக் கதை. சாவியிலுள்ள சின்ன விளக்கைப் பொறுத்தவரை, பட்டன் அழுந்தியது, உள்ளே சிப் விழித்தது என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. அலை வெளியே போனதா, சரியான அலைவரிசையில் போனதா என்பதற்கு விளக்கு சாட்சி இல்லை.

இந்தச் சாவிக்குள் மூன்று தனித்தனி வேலைகள் நடக்கின்றன. பட்டனை அழுத்தினால் ரேடியோவில் செய்தி அனுப்புவது ஒன்று. இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் விற்கும் கார்களில் இது பெரும்பாலும் 433.92 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 315. பட்டனைத் தொடாமலே கதவு திறப்பது இரண்டாவது வேலை. கைப்பிடியைத் தொட்டதும், அல்லது அதிலுள்ள சிறு கறுப்புப் பட்டனை அழுத்தியதும், கார் தன் ஆன்டெனா வழியாக 125 கிலோஹெர்ட்ஸ் அல்லது அதற்குச் சற்று மேலான ஒரு தாழ் அலையை விடுகிறது. அந்த அலை ஒன்றிரண்டு மீட்டர் தாண்டினால் தேய்ந்துபோகும். சாவி அதைக் கேட்டதும் விழித்துக்கொண்டு, பதிலை 433 ரேடியோவில் அனுப்புகிறது. அதாவது கேட்பது ஒரு அலையில், பதில் சொல்வது வேறு அலையில். மூன்றாவது, சரியான சாவி இல்லாமல் வண்டியைக் கிளம்ப விடாத இம்மொபிலைசர் சிப். இதற்குச் செல்லே வேண்டாம். ஸ்டார்ட் பட்டனைச் சுற்றியுள்ள கம்பிச் சுருள் (காயில்) கொடுக்கிற காந்தப்புலத்திலிருந்தே தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு, சில சென்டிமீட்டர் தூரத்துக்குள் தன்னை அடையாளம் காட்டும். செல் தீர்ந்த சாவியை ஸ்டார்ட் பட்டனில் ஒட்டிப் பிடித்தால் வண்டி கிளம்புவது இதனால்தான். டொயோட்டாவில் சாவியின் லோகோ உள்ள பக்கத்தை ஸ்டார்ட் பட்டனில் தொட வேண்டும். ஹூண்டாயில் சாவியாலேயே பட்டனை அழுத்த வேண்டும். உங்கள் வண்டிக்கு எப்படி என்று கையேட்டில் ஒரு பக்கம் இருக்கும். நடு ரோட்டில் நிற்கும்போது தேடாமல் இன்றைக்கே பார்த்து வையுங்கள்.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்தாலே பழுது எங்கே என்று பாதி தெரிந்துவிடும். காருக்குப் பக்கத்தில் நின்று, கைப்பிடியைத் தொட்டு ஒரு முறை, பட்டனை அழுத்தி ஒரு முறை முயன்று பாருங்கள்.

தொட்டால் திறக்கிறது, பட்டனுக்குத் திறக்கவில்லை என்றால் நிம்மதியாகச் சிரிக்கலாம். பதில் போன ரேடியோவும் பட்டனுக்கு அனுப்புகிற ரேடியோவும் ஒன்றே. எனவே ரேடியோ நல்லது, செல் நல்லது. போயிருப்பது பட்டனுக்கு அடியிலுள்ள சில ரூபாய்ச் சுவிட்ச், இல்லாவிட்டால் அதன் மேலுள்ள ரப்பர். இதற்காகப் புதுச் சாவி வாங்குவது அநியாயம்.

பட்டனுக்குத் திறக்கிறது, தொட்டால் திறக்கவில்லை என்றால் சாவியின் கேட்கும் பகுதி, அல்லது காரின் கைப்பிடி சென்சார், அல்லது கதவு ஆன்டெனா, இம்மூன்றில் ஒன்று. டிரைவர் பக்கம் திறக்காமல் பக்கத்து சீட் கதவும் டிக்கியும் திறந்தால் சாவியைக் குற்றம் சொல்லாதீர்கள். அந்தக் கதவைத்தான் பார்க்க வேண்டும். எல்லாக் கதவும் திறக்கவில்லை என்றால், அந்த வசதியே அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். டொயோட்டா சாவிகள் பலவற்றில் லாக் பட்டனை அழுத்திப் பிடித்தபடி அன்லாக்கை இரண்டு முறை தட்டினால் சாவி செல்லைச் சேமிக்கும் நிலைக்குப் போய்விடும். விளக்கு நான்கு முறை மின்னும். குழந்தை கையில் சாவி கிடைத்தால் இது தானாகவே நடக்கும். வேறு கார்களில் திரையிலுள்ள அமைப்புப் பக்கத்தில் இதை அணைக்கலாம். பழுதே இல்லாத பழுது இது.

சாவியின் கேட்கும் பகுதியைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. தாழ் அலை எந்தப் பக்கமிருந்து வந்தாலும் கேட்க வேண்டும் என்பதற்காக உள்ளே மூன்று திசைக்கு மூன்று சுருள் இருக்கும். பல சாவிகளில் மூன்றும் ஒரே சதுரத் துண்டாக இருக்கும். கீழே விழுந்தால் முதலில் அடிபடுவது பீங்கான் போல நொறுங்கும் அந்த ஃபெரைட் துண்டுதான். ஒரு சுருள் மட்டும் அறுந்திருந்தால் சாவி “சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது”. உங்கள் புகாரும் அதுவே என்பதால் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். சாவியைக் கதவிலிருந்து ஒரு கை தூரத்தில் வேறொருவர் உள்ளங்கையில் படுக்க வைத்துப் பிடிக்கட்டும். நீங்கள் கைப்பிடியைத் தொடுங்கள். அப்புறம் நிமிர்த்தி, அப்புறம் பக்கவாட்டில் திருப்பி. ஒரு குறிப்பிட்ட நிலையில் மட்டும் ஒவ்வொரு முறையும் தவறினால் சுருளோ, அதைப் போர்டில் ஒட்டியிருக்கும் ஈயப் பற்றவைப்போ (சால்டர்) போயிருக்கிறது. போர்டு வேலை தெரிந்தவர் அதை மாற்றித் தருவார்.

தொட்டாலும் பட்டனுக்கும் இரண்டுக்கும் திறக்கவில்லை, ஆனால் ஸ்டார்ட் பட்டனில் ஒட்டிப் பிடித்தால் கிளம்புகிறது என்றால் சந்தேகம் செல் மீதும் ரேடியோ மீதும், காரின் ரிசீவர் மீதும். ஒட்டிப் பிடித்தும் கிளம்பவில்லை என்றால்தான் சிப்பையோ காரின் காயிலையோ பற்றிப் பேச வேண்டும்.

இங்கே உங்கள் இரண்டாவது சாவி எந்தக் கருவியைவிடவும் பெரிய கருவி. பலர் அதை வண்டி வாங்கிய நாளில் பீரோவில் வைத்ததோடு சரி. அதன் செல்லும் வயதானதுதான், எனவே முதலில் புது செல் போடுங்கள். ஒரு சாவியைச் சோதிக்கும்போது மற்றதை வீட்டுக்குள் தள்ளி வையுங்கள். இரண்டும் பையில் இருந்தால் கார் எதைக் கேட்டுத் திறந்தது என்று தெரியாது. இரண்டு சாவியும் ஒரே மாதிரி தவறினால் பழுது காரில். ஒன்று மட்டும் தவறினால் அந்தச் சாவியில். டிரைவர் கதவிலுள்ள சென்ட்ரல் லாக் சுவிட்சையும் ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். அதற்கே பூட்டு அசையவில்லை என்றால் மோட்டாரையோ ஃபியூஸையோ காரின் 12 வோல்ட் பேட்டரியையோ பார்க்க வேண்டும். சாவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்போது செல். “புது செல் போட்டேன்” என்பதை நான் உடனே நம்புவதில்லை. பெரும்பாலான சாவிகளில் இருப்பது சிஆர்2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், பெயரிலேயே அளவு இருக்கிறது. அதே அகலத்தில் 2.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிஆர்2025 கடையில் கிடைத்ததென்று போட்டுவிடுவார்கள். உள்ளே உட்காரும், வேலையும் செய்யும், சாவியை ஆட்டினால் தொடர்பு விடும். இதுவும் “சில நேரம்” ரகம். அடுத்தது, மருந்துக்கடையிலும் பெட்டிக்கடையிலும் தூசி படிந்து தொங்கும் செல். அட்டையில் தேதி பார்த்து வாங்குங்கள். குழந்தைகள் விழுங்காமலிருக்கச் சில பிராண்டுகள் செல்லின் மேல் கசப்புப் பூச்சு பூசுகின்றன. அந்தப் பூச்சு சில சாவிகளின் மெல்லிய தகடுகளோடு தொடர்பைக் கெடுக்கும்; ஈரத்துணியால் ஓரத்தைத் துடைத்துக் காயவிட்டுப் போட்டால் சரியாகும். பூச்சு இருக்கிறதே என்று கழற்றிய செல்லை மேசையில் விட்டுவிடாதீர்கள். பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிதான்.

மல்டிமீட்டர் ஏன் ஏமாற்றுகிறது என்றால், அது செல்லிடமிருந்து ஏறக்குறைய மின்னோட்டமே எடுப்பதில்லை. புது லித்தியம் செல் 3.2 வோல்ட்டுக்கு மேல் காட்டும். முக்கால்வாசி தீர்ந்த செல்லும் 2.9 காட்டும். சாவி ரேடியோவை இயக்கும் அந்தக் கணத்தில் பத்து மில்லிஆம்பியர் வாக்கில் இழுக்கும். அப்போது பழைய செல்லின் உள்மின்தடை காரணமாக வோல்ட் சரிந்து, சிப் பாதியில் நின்றுபோகும். எனவே சுமை கொடுத்து அளக்க வேண்டும். 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்று எலக்ட்ரானிக்ஸ் கடையில் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் இருக்கும். அதைச் செல்லின் இரு பக்கமும் சேர்த்துப் பிடித்து, ஓரிரு விநாடி மீட்டரைப் பாருங்கள். சுமார் ஒன்பது மில்லிஆம்பியர் ஓடும். நல்ல செல் 2.8க்கு மேல் அசையாமல் நிற்கும். 2.5க்குக் கீழே வழுக்கினால் தூக்கிப் போடலாம். குளிரில் இந்த உள்மின்தடை இன்னும் ஏறும். மேட்டுப்பாளையத்தில் ஒழுங்காக வேலை செய்த சாவி மறுநாள் விடிகாலை ஊட்டியில் மக்கர் பண்ணினால், சாவியைச் சட்டைப்பைக்குள் வைத்துச் சற்றுச் சூடேற்றி மறுபடி முயலுங்கள். திறந்தால் செல்தான்.

புது செல் இரண்டு வாரத்தில் தீர்ந்துபோகிறது என்றால் அது வேறு பழுது. சிஆர்2032க்குள் இருப்பது ஏறக்குறைய 220 மில்லிஆம்பியர் மணி. சும்மா இருக்கும்போது சாவி எடுக்க வேண்டியது சில மைக்ரோஆம்பியர் மட்டுமே, அந்தக் கணக்கில் வருடக்கணக்காக வர வேண்டும். எங்கோ கசிந்து ஒரு மில்லிஆம்பியர் ஓடினால் ஒன்பதே நாளில் காலி. மீட்டரை மைக்ரோஆம்பியரில் வைத்து, செல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே தொடராக இணைத்தால் தெரிந்துவிடும். சுவிட்ச் ஒன்று பாதி அழுந்திய நிலையில் சிக்கியிருக்கும், அல்லது ஈரம் புகுந்து போர்டில் பச்சை பிடித்திருக்கும். இரண்டும் இல்லையென்றால் சாவியை எங்கே மாட்டுகிறீர்கள் என்று பாருங்கள். வாசலில் நிற்கும் காருக்கு ஒரு மீட்டர் தள்ளி, சுவருக்கு இந்தப் பக்கம் ஆணியில் தொங்கினால், சாவி அருகில் வருகிறதா என்று அடிக்கடி கூப்பிட்டுப் பார்க்கிற கார்களில் சாவி இரவெல்லாம் விழித்து விழித்துப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்.

சாவியைத் திறந்து பார்ப்பது பயப்படும் வேலை இல்லை. உள்ளிருக்கும் இரும்புச் சாவியை உருவினால் அந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரியும். துணி சுற்றிய தட்டை ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திருப்பினால் ஓடு பிரியும். நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் பூதக்கண்ணாடியோடு, போர்டைப் பாருங்கள். செல்லைப் பிடிக்கும் தகடுகளின் கால்கள் போர்டில் சேருமிடத்தில் மயிரிழை வட்டமாக ஒரு கோடு தெரிந்தால் அது டிரை சால்டர், அதாவது பிடிப்பு விட்ட பற்றவைப்பு. விரல் நகத்தால் தகட்டை லேசாக அசைத்தால் கால் தனியே ஆடும். பல வருடம் செல் மாற்றி மாற்றி, சாவி பல முறை விழுந்து வருகிற பழுது இது. நான் பார்த்த “சில நேரம்” சாவிகளில் இதுவே அதிகம். பட்டன் சுவிட்சை மல்டிமீட்டரில் பீப் நிலையில் வைத்து அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போதெல்லாம் பீப் திடமாக வர வேண்டும்; விட்டு விட்டு வந்தால் மாற்ற வேண்டும். அழுக்கிருந்தால் செல்போன் கடைக்காரர்கள் வைத்திருக்கும் ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) திரவத்தில் பழைய டூத் பிரஷை நனைத்துத் தேய்க்கலாம். தின்னர் வேண்டாம், பிளாஸ்டிக் ஓட்டையே கரைத்துவிடும். துணியோடு மெஷினில் போன சாவி என்றால் பட்டனை அழுத்திப் பார்க்கும் ஆசையை அடக்கி, முதலில் செல்லைக் கழற்றுங்கள். நீரில் நனைந்த போர்டை அரிப்பது செல்லின் மின்சாரம்தான்.

செல்லை எடுத்தால் கோடிங், அதாவது சாவியைக் காரோடு சேர்த்து வைத்த பதிவு, போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். பெரும்பாலான சாவிகளில் போகாது. குறியீடும் எண்ணிக்கையும் மின்சாரம் இல்லாமலே நிற்கும் நினைவகத்தில் இருக்கின்றன.

அந்த எண்ணிக்கை என்ன என்றால், பட்டனை எத்தனை முறை அழுத்தினீர்கள் என்ற கணக்கு. காரும் அதே கணக்கை வைத்திருக்கும். எண்ணிக்கை ஏறுவதால் பட்டனை அழுத்தும் ஒவ்வொரு முறையும் சாவி வேறு செய்தியை அனுப்புகிறது. நேற்றுப் பதிவு செய்த செய்தியை இன்றைக்கு ஓட்டிக் காட்டித் திறக்க முடியாமலிருக்க இந்த ஏற்பாடு. தென்னாப்பிரிக்காவில் உருவாகி, 1990களில் மைக்ரோசிப் நிறுவனத்தின் கைக்கு வந்த கீலாக் முறை இதில் புகழ்பெற்றது. ஒவ்வொரு அழுத்தலுக்கும் 66 பிட் போகும். அதில் 32 பிட் ஒவ்வொரு முறையும் முற்றிலும் மாறும், மீதியில் சாவியின் வரிசை எண்ணும் எந்தப் பட்டன் என்பதும் இருக்கும். சாவியின் எண்ணிக்கை காரின் எண்ணிக்கையைவிட 16க்குள் முந்தியிருந்தால் முதல் அழுத்தலிலேயே திறக்கும். அதைத் தாண்டி 32,000 வரை முந்தியிருந்தால் அடுத்தடுத்து இரண்டு முறை அழுத்த வேண்டும், கார் சமன் செய்துகொள்ளும். எல்லாக் காரும் கீலாக் இல்லை, எண்களும் மாறும், ஆனால் பழக்கம் ஒன்றே. வெளியூர் போன இடத்தில் குழந்தை விளையாடி அழுத்தித் தள்ளியிருந்தால், காரருகே நின்று நிதானமாக இரண்டு மூன்று முறை அழுத்திப் பாருங்கள். கோடிங் செலவு மிச்சமாகலாம்.

அலை உண்மையிலேயே வெளியே போகிறதா என்று கண்ணால் பார்க்க ஆசையிருந்தால் ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் ஒன்று வாங்கலாம். டிவி பார்ப்பதற்காகச் செய்த யூஎஸ்பி குச்சி இது. லேப்டாப்பில் செருகினால் சுமார் 24 முதல் 1,766 மெகாஹெர்ட்ஸ் வரை எதையும் கேட்கும். இலவச மென்பொருளில் 433.92க்குத் திருப்பி வைத்து, சாவியை ஒரு மீட்டர் தள்ளி அழுத்துங்கள். நீலத் திரையில் மஞ்சள் கோடு விழும். அலையை விட்டு விட்டு அனுப்பும் சாவி ஒற்றைக் கோட்டைத் துண்டு துண்டாகப் போடும். அலைவரிசையை மாற்றி மாற்றி அனுப்பும் சாவி பக்கத்துப் பக்கத்தில் இரட்டைக் கோடு போடும். நல்ல சாவியையும் சந்தேகச் சாவியையும் அதே இடத்தில், அதே தூரத்தில், மாறி மாறி அழுத்துங்கள். ஒன்றின் கோடு மங்கலாக இருந்தால் அதன் சக்தி குறைந்திருக்கிறது. கோடு பளிச்சென்று இருந்தும் நூறு கிலோஹெர்ட்ஸ் தள்ளி விழுந்தால், அலைவரிசையை நிர்ணயிக்கும் பாகம் அடிபட்டிருக்கிறது. பக்கத்தில் போனால் மட்டும் திறக்கிற சாவிகளில் இதைப் பார்க்கலாம். கோடே இல்லையென்றால் ரேடியோ செத்தது உறுதி.

சாவிக் கடைகளில் உள்ளங்கை அளவில் அலைவரிசை மீட்டர் வைத்திருப்பார்கள். எண் மட்டும் காட்டும், வேலைக்கு அது போதும். முக்கியமாக ஆன்லைனில் சாவி வாங்கினவர்களுக்கு. ஓடு அச்சு அசலாக இருக்கும், உள்ளே 315 இருக்கும், 433 கார் அதைக் கண்டுகொள்ளாது. இலங்கையில் இந்தக் குழப்பம் தலைகீழ். அங்கே ஓடும் ஜப்பான் ரீகண்டிஷன் வண்டிகள் பல 312 முதல் 315 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சாவியோடு வருபவை. லண்டனிலிருந்து உறவுக்காரர் அனுப்பிய 433 சாவி அதற்கு உதவாது. மீட்டரோ டாங்கிளோ சொல்லாத விஷயம் ஒன்று இருக்கிறது: அலை போகிறது என்பதால் அதிலுள்ள குறியீடு உங்கள் காருடையது என்று அர்த்தமில்லை.

ஒரே இடத்தில் மட்டும் தகராறு என்றால் சாவியைத் திறக்கவே வேண்டாம். 433 மெகாஹெர்ட்ஸ் பக்கம் உரிமம் இல்லாமலே எல்லாரும் பயன்படுத்தும் பொது இடம். வயர்லெஸ் காலிங்பெல், கேட் ரிமோட், எல்லாம் அங்கேதான் கத்துகின்றன. அவற்றில் ஒன்று பழுதாகி ஓயாமல் அலை விட்டுக்கொண்டிருந்தால் சுற்றியுள்ள கார் எதுவும் சாவியைக் கேட்காது. வேறு கம்பெனிக் காரும் அங்கே திறக்கவில்லை என்றால் குற்றவாளி அந்த இடம். காருக்குள் நீங்கள் செருகிய மலிவு யூஎஸ்பி சார்ஜர், டாஷ்கேம், எல்இடி பல்பு இவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். போனுக்கான வயர்லெஸ் சார்ஜர் 100 முதல் 200 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஓடுகிறது, சாவி கேட்கும் 125ம் அதற்குள்தான். சார்ஜர் தட்டின் மேல் சாவியைப் போட்டுவிட்டு “சாவி இல்லை” என்று திரை சொல்கிறதே என்று திகைப்பவர்கள் நிறையப் பேர்.

சரி, திருட்டு. உண்மைதான். 2011ல் சூரிச்சிலுள்ள ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எட்டு நிறுவனங்களின் பத்து மாடல்களைச் சோதித்தார்கள், பத்தும் விழுந்தன. ஜெர்மனியின் ஏடிஏசி மோட்டார் சங்கம் அதன் பிறகு நூற்றுக்கணக்கான மாடல்களைச் சோதித்தது, பெரும்பாலானவை ஏமாந்தன. இந்த வித்தையில் குறியீட்டை யாரும் உடைப்பதில்லை. ஒருவன் காரருகே நின்று அதன் தாழ் அலையைப் பிடித்து நீட்டுவான், இன்னொருவன் வீட்டு வாசலில் சாவிக்கு அதைக் கேட்கச் செய்வான். முதலாளி கார் பக்கத்தில் நிற்கிறார் என்றே நினைத்துச் சாவி நேர்மையாகப் பதில் சொல்லும். புதிய கார்கள் சிலவற்றில் வரும் யூடபிள்யூபி (அல்ட்ரா வைட்பேண்ட்) ரேடியோ இதற்கு மருந்து. அலை போய்வர எடுக்கும் நேரத்தை அளந்து தூரத்தைக் கணக்கிடும். ஒரு நானோவிநாடிக்கு 30 சென்டிமீட்டர் என்பதால் நடுவில் ஆள் நின்று நீட்டினால் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் சாவி எந்த ரகம் என்று ஒரு பகுதியை வீட்டிலேயே சோதிக்கலாம். பல புதிய சாவிகளில் அசைவு சென்சார் உண்டு. சில நிமிடம் அசையாமல் கிடந்தால் தூங்கிவிடும், எவன் கூப்பிட்டாலும் பதில் வராது. டிரைவர் கதவுக்கு அருகே ஒரு ஸ்டூலைப் போட்டு அதன் மேல் சாவியை வைத்துவிட்டுப் பத்து நிமிடம் டீ குடித்துவிட்டு வாருங்கள். ஸ்டூலை இடிக்காமல் கைப்பிடியைத் தொடுங்கள். திறக்கவில்லை, சாவியை எடுத்து ஆட்டியதும் திறக்கிறது என்றால் சென்சார் இருக்கிறது. இரவில் மேசையில் வைத்துவிட்டுத் தூங்கலாம். பத்து நிமிடத்துக்குப் பிறகும் திறந்தால் இல்லை. அப்போது அலையைத் தடுக்கும் உறை வாங்குங்கள், அல்லது கையேட்டில் சொல்லியபடி தொட்டுத் திறக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். உறையையும் சோதிக்க வேண்டும். சாவியை உள்ளே போட்டு மூடி, உறையைக் கைப்பிடிக்கு ஒட்டிப் பிடித்துத் தொடுங்கள். திறந்தால் அது வெறும் பர்ஸ். மடிப்பில் உள்ளிருக்கும் உலோகத் துணி நைந்துபோகும், எனவே சில மாதத்துக்கு ஒரு தடவை மறுபடி பாருங்கள். பிஸ்கட் டின்னும் இதே தேர்வில் தேறினால் தாராளமாகப் பயன்படுத்தலாம். மைக்ரோவேவுக்குள் வைக்காதீர்கள், யாராவது மறந்து ஆன் செய்துவிடுவார்கள்.

பார்க்கிங்கில் இன்னொரு வித்தை இருக்கிறது. நீங்கள் லாக் பட்டனை அழுத்தும் நேரத்தில் எவனாவது ரேடியோ அலையை அமுக்கும் ஜாமர் கருவியை ஓட்டினால் கார் பூட்டாமலே நிற்கும். கைப்பிடியை இழுத்துச் சரிபார்ப்பது ஸ்மார்ட் கீயில் எடுபடாது, சாவி பையில் இருப்பதால் இழுத்தாலே திறந்துகொள்ளும். இண்டிகேட்டர் மின்னியதா, கண்ணாடி மடங்கியதா என்று கண்ணால் பார்த்துவிட்டு நகருங்கள்.

சர்வீஸ் சென்டருக்குத் திரும்பப் போகும்போது, மேலே சொன்னவற்றில் எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். ஸ்கேனரைச் செருகி, இரண்டு சாவியையும் ஒவ்வொன்றாகக் கார் கேட்கிறதா என்று உங்கள் கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். அதே திரையில் எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்பதையும் பல கார்களில் பார்க்கலாம். உங்கள் கையில் இரண்டு இருந்து திரையில் மூன்று என்று வந்தால், சாவி பழுதைவிட அது அவசரமான விஷயம்; பழையதை அழித்து, இருப்பதை மட்டும் மறுபடி பதிவு செய்யச் சொல்லுங்கள். செகண்ட் ஹேண்ட் கார் வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைக் கேட்க வேண்டும், ஏனோ யாரும் கேட்பதில்லை.

வெளியே சாவி போடுகிறவரிடம் போனால், சிப்பைப் படித்து 46, 47, 8ஏ என்று ஏதாவது சொல்வார். அது சிப்பின் வகை. அவர் கருவியில் வகை வந்தால் சிப் உயிரோடு இருக்கிறது. பழைய ஸ்மார்ட் கீயை வாங்கிக் கோடிங் போட்டுத் தருகிறேன் என்றால் மட்டும் யோசியுங்கள். பல நிறுவனச் சாவிகள் ஒரு காரோடு சேர்ந்துவிட்டால் அதன் பூட்டை அவிழ்க்காமல் இன்னொரு காரில் ஏறாது. உங்கள் புகாரை வைத்துப் பார்த்தால் அந்த அளவுக்குப் போக வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன். செல் புதிது, ஆனால் விட்டு விட்டுத் தவறுகிறது. முதலில் செல் தகட்டின் சால்டர், அடுத்து மூன்று திசைச் சோதனை. இந்த இரண்டையும் பார்த்துவிட்டு, இரண்டாவது சாவி எப்படி நடந்துகொள்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள், மேலே சொல்கிறேன்.